இரண்டு ஆட்டக்காரர்கள் மேல் ஒரு தேசத்தின் பாரம்

உறையைப் பிரிக்கிறார்கள். முந்தைய அமர்வின் முடிவில் ஒதாகே யாருக்கும் காட்டாமல் தாளில் குறித்துவைத்த இடம் உள்ளே இருக்கிறது. போட்டியை நடத்துபவர் அதைப் பலகையில் தேடுகிறார், சட்டென்று அகப்படவில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் எல்லோர் பார்வையும் நடுவில்தான் நிற்கிறது, சண்டை நடப்பது அங்கேதான். ஒதாகேயின் காயோ அந்தச் சண்டையைத் தொடாத ஓர் இடத்தில், எதிராளி பதில் போட்டே ஆகவேண்டிய இடத்தில் விழுகிறது. கறுப்பு 121. நடுப்பலகையைப் பற்றி நிதானமாக யோசிக்க இடைப்பட்ட ஓய்வு நாட்களை ஒதாகே இப்படிப் பறித்துக்கொண்டார் என்று கிழவர் நினைக்கிறார். ஆட்டமே பாழாகிவிட்டது என்று மனம் கசந்துபோகிறார். சற்று நேரத்தில் அவர் வைக்கும் வெள்ளை 130 தவறான காய். தோல்வி அங்கே முடிவாகிறது.

யசுனாரி கவாபாட்டாவின் ‘மெய்ஜின்’ நாவல் இந்த ஒரே ஆட்டத்தைப் பற்றியது. கதை நிஜமானது. 1938 ஜூன் மாதம் டோக்கியோவில் தொடங்கி, ஹகோனே மலை விடுதிக்குப் போய், இடையில் மூன்று மாதம் நின்று, இத்தோ என்ற கடற்கரை ஊரில் டிசம்பர் 4ஆம் தேதி முடிந்த கோ ஆட்டம் அது. ஒரு பக்கம் கோ உலகின் பெரும் பட்டங்களில் ஒன்றான ஹொனின்போவைப் பரம்பரை முறையில் சுமந்த கடைசி மனிதர் ஷூசாய், நாவலின் கிழவர். மறுபக்கம் கறுப்புக் காய் ஆடிய 29 வயது கிதானி மினோரு, நாவலில் ஒதாகே என்ற பெயரில் வருபவர். கறுப்பு ஐந்து புள்ளியில் வென்றது. டோக்கியோ நிச்சிநிச்சி இதழுக்காக அந்த ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவர் கவாபாட்டா. அந்தச் செய்திக் கட்டுரைகளைப் பல ஆண்டுகள் கழித்து நாவலாகத் திருப்பி எழுதினார். 1951இல் பத்திரிகையில் வரத் தொடங்கி 1954இல் நூலாக முழுமை பெற்றது. அந்த இடைவெளியில்தான், 1952 ஏப்ரலில், ஜப்பான் மீதான அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்தது.

ஆகவே கிழவரின் தோல்வியை ஜப்பானின் தோல்வியாகப் படிப்பவர்கள் பலர். போருக்குப் பின் பழைய ஜப்பானின் துயரத்தைத் தவிர வேறொன்றை எழுதப்போவதில்லை என்று கவாபாட்டாவே அறிவித்தவர் என்பதால் அந்த வாசிப்புக்கு ஆதாரமும் உண்டு. இரண்டு பாத்திரங்களை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் தோளில் தேசத்தின் கடந்த காலத்தையும் மற்றவர் தோளில் வருங்காலத்தையும் ஏற்றும் இந்த உத்தி போருக்குப் பிந்தைய நாவல்களில் பரவலானது. இந்த நாவலில் அது எங்கே உயிர் பெறுகிறது, எங்கே உயிரைக் குடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

உயிர் பெறுவது உடல்களில். எலும்பும் தோலுமான கிழவர் பலகைக்கு முன் அமர்ந்ததும் ஆகிருதி பெற்றுவிடுகிறார். ஒதாகேக்கு வயிறு சரியில்லை. தேநீர் குடித்துக்கொண்டே இருக்கிறார், அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போகிறார், போகும்போது எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறார், திரும்பி வந்து உட்கார்ந்ததும் மணிக்கணக்கில் யோசிக்கிறார். ஆளுக்கு 40 மணி நேரம் ஒதுக்கிய ஆட்டத்தில் கறுப்பு 34 மணி 19 நிமிடம் எடுத்துக்கொண்டது. வெள்ளை 20 மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை. புதுமையின் பிரதிநிதி ஆமைபோல் நகர்கிறார், பழமையின் பிரதிநிதி மளமளவென்று காய் வைக்கிறார். வேகமும் அவசரமும் நவீனத்தின் குணம் என்று பழகிய நமக்கு, இந்த எண்கள் மட்டுமே போதும், இரு மனிதர்களும் தங்களுக்கு ஒட்டப்பட்ட பட்டத்தில் அடங்கமாட்டார்கள் என்று புரிய. கவாபாட்டா இந்த நேரக் கணக்குகளை நிருபரின் கறார்த்தனத்தோடு விடாமல் தருகிறார். அதில் அவருடைய நேர்மை இருக்கிறது. ஒதாகேயை வில்லனாக்கும் ஆசை அவருக்கு ஓரிடத்திலும் வரவில்லை.

ஆனால் விதிகளைப் பற்றிப் பேசும்போது அவருடைய தராசு சாய்கிறது. உறையில் காயை எழுதிவைப்பது, நேரக் கட்டுப்பாடு, போட்டி முடியும்வரை வெளியாட்களோடு தொடர்பில்லாத விடுதிவாசம் எல்லாம் கலையைக் கொல்லும் நவீனச் சட்டங்களாகத் தெரிகின்றன, கிழவர் அவற்றின் பலியாகத் தெரிகிறார். இந்த விதிகள் ஏன் வந்தன? பழைய வழக்கப்படி வெள்ளைக் காய் ஆடும் மூத்தவர் தமக்கு வேண்டியபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போகலாம். அடுத்த காயை யோசிக்க அவருக்கு நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கும். 1933–34இல் இளைஞர் கோ செய்கெனோடு ஆடியபோது ஷூசாய் இந்தச் சலுகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அந்த ஆட்டத்தின் திருப்புமுனையான வெள்ளை 160ஐக் கண்டுபிடித்தது அவருடைய சீடர் ஒருவர் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஓய்வு நாட்களைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார் என்று 121ஆம் காய்க்காக ஒதாகே மேல் வரும் குற்றச்சாட்டு எதுவோ, அது கிழவருக்கு நெடுங்காலம் உரிமையாகவே இருந்திருக்கிறது. மூத்தவர்களின் தன்னிச்சை எல்லை மீறியதை நாவலும் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட கையோடு அழகைப் பற்றிப் பேசப் போய்விடுகிறது. சலுகைக்கு மரபு என்று பெயர் சூட்டி, சலுகை பறிபோனதைப் பண்பாட்டின் மரணமாகக் காட்டும் இந்த இடத்தில் நான் கவாபாட்டாவோடு உடன்பட மறுக்கிறேன்.

இதைவிட வருத்தம் தருவது சீனாவைப் பற்றிய பக்கங்கள். கோ சீனத்தில் பிறந்த ஆட்டம். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய மேதை கோ செய்கெனும் சீனத்தில் பிறந்தவர், 1928இல் சிறுவனாக ஜப்பானுக்கு வந்தவர். நாவலில் அவர் மலைப்பகுதிக் காசநோய் மருத்துவமனையில் இருக்கிறார். கதைசொல்லி உராகாமி அவரைப் போய்ப் பார்க்கிறார். அவர்மேல் உண்மையான பிரியம் தெரிகிறது. அந்தப் பிரியத்தின் ஊடாகவே, இந்த ஆட்டம் ஆழம் பெற்றது ஜப்பானில்தான், சீன மேதையும் இங்கே வந்துதான் மலர முடிந்தது என்ற முடிவு எழுகிறது. கிழவர் இதய நோயோடு மருத்துவமனையில் கிடக்க, ஆட்டம் நின்றிருந்த அந்த அக்டோபரில்தான் ஜப்பானியப் படை வூஹானைப் பிடித்தது. 1938இல் நிருபராக எழுதியவர் இதைச் சேர்த்துப் பேச முடியாமல் போனதைப் புரிந்துகொள்ளலாம். தோல்விக்குப் பிறகு, தணிக்கையெல்லாம் மாறிய பிறகு, அதே பொருளை மறுபடி கையில் எடுத்த நாவலாசிரியர் சீனாவிலிருந்து ஜப்பான் எதைப் பெற்றது என்று பேசிவிட்டு, அதற்கு என்ன செய்தது என்பதைத் தொடாமல் விட்டது இலக்கியக் குறை என்றே நினைக்கிறேன். இழப்பின் துயரத்தைப் பாடும் நூலில் ஒரு தரப்பின் இழப்புக்கு மட்டும் இடம் இருக்கிறது.

ரயிலில் வரும் அமெரிக்கர் காட்சியும் இந்தப் பலவீனத்தின் கிளைதான். அவர் உராகாமியோடு ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாகத் தோற்கிறார், ஒவ்வொரு முறையும் மலர்ந்த முகத்தோடு அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை எடுக்கிறார். அவரிடம் போராடும் உணர்வே இல்லை என்று உராகாமி திகைத்துப் போகிறார். காட்சி வரைக்கும் அபாரம். வென்றவனுக்கு வரும் வெறுமையைக் கவாபாட்டா அளவுக்கு எழுதியவர்கள் குறைவு. ஆனால் ஒரு பயணியின் சுபாவத்திலிருந்து உராகாமி ஓர் இனத்தின் ஆன்மாவுக்குத் தாவிவிடுகிறார். மேற்கத்தியர்களிடம் இந்த ஆட்டத்துக்கான மரபு இல்லை என்று முடிவுகட்டுகிறார். விளையாட்டை விளையாட்டாக ரசிக்கத் தெரிந்த ஓர் ஆரம்பநிலை ஆட்டக்காரராக அந்த மனிதர் இருக்கக்கூடாதா? தேசத்தைத் தேடும் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் தெரியாமல் போகிறார்.

ஒதாகேக்கும் இதுவே நேர்ந்தது. நாவலில் இறந்துபோன ஷூசாய்க்குச் சொந்தப் பெயர் இருக்கிறது, வென்ற கிதானிக்குப் புனைபெயர். நவீனத்தின் முகமாக அங்கே நிறுத்தப்பட்ட கிதானி நிஜ வாழ்க்கையில் செய்தது என்ன? ஹிரட்சுகாவில் இருந்த தம் வீட்டில் பிள்ளைகளைத் தம் குடும்பத்தோடு தங்கவைத்து, சோறு போட்டு, ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். குருகுலம் என்றால் நம் வாசகர்களுக்கு உடனே விளங்கும். இஷிதா யோஷியோ, காட்டோ மசாவோ, தாகெமியா மசாகி என்று அடுத்த தலைமுறையின் பெரிய பெயர்கள் பலவும் அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தவை. 1962இல் கொரியாவிலிருந்து ஆறு வயதில் அங்கே வந்து சேர்ந்த சோ சிகுன் 1980இல் நாவலின் தலைப்பான மெய்ஜின் பட்டத்தையே வென்றார். ஹொனின்போ பட்டத்தைப் பரம்பரை வாரிசுக்கு விடாமல் கோ ஆட்டக்காரர்களின் சங்கத்திடம் ஒப்படைத்து, அது பத்திரிகை நடத்தும் போட்டியாக மாற வழிவிட்டவர் ஷூசாய். மரபைக் காத்தவர் யார், கைவிட்டவர் யார் என்று இவர்களை வைத்துப் பிரிக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் இந்த நாவலை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம், கிழவரின் நோயால் ஒத்திவைப்பு இழுத்துக்கொண்டே போக, ஒதாகே ஆட்டத்தைக் கைவிட முனையும் பகுதி. நோயாளியோடு மோதி வென்றாலும் பழி, தோற்றாலும் பழி என்ற நெருக்கடியில் அவர் விலகிக்கொள்ள விரும்புகிறார். உராகாமி தலையிட்டுப் பேசிப் பார்க்கிறார்: நீங்கள் தனி மனிதர் இல்லை, ஒரு தலைமுறையின் சார்பில் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், நடுவில் எழுந்துபோகும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதே அந்தப் பேச்சின் சாரம். ஒதாகே இணங்குகிறார். வரலாறு தானாக வந்து அவர் தோளில் ஏறவில்லை. கிழவரை நேசிக்கும் ஒரு பத்திரிகைக்காரர், ஆட்டம் நிற்காமல் நடக்கவேண்டும் என்ற கவலையில், அந்தப் பாரத்தைத் தூக்கி அவர்மேல் வைக்கிறார். அந்தப் பத்திரிகைக்காரரின் இடத்தில் 1938இல் இருந்தவர் கவாபாட்டா. தாம் செய்ததை அவர் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.