காந்தம் ஒளியைத் திருப்புமா?

ஃபைபர் நெட்வொர்க்குக்கான காந்த ஸ்விட்ச் பற்றி வருகிற செய்திக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். காந்தம் ஆணியை இழுப்பது மாதிரி ஒளியை இழுத்து வேறு வழியில் விடும் என்கிற தொனியிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒளிக்கு மின்னேற்றம் கிடையாது. நம்ம காந்தம் அதை நேரடியாக ஒன்றும் செய்யாது, நடுவில் ஒரு பொருள் வேணும். 1845-ல் மைக்கேல் ஃபாரடே ஈயம் கலந்த கனமான கண்ணாடியைக் காந்தப் புலத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே போன ஒளியின் பாதை மாறவில்லை. அது அதிரும் தளம்தான் திரும்பியது.

ஸ்விட்ச் ஆக்குவது அதற்கப்புறம் நாம் செய்கிற வேலை. பிஸ்மத் கலந்த இரும்பு கார்னெட் படிகம் சுமார் அரை மில்லிமீட்டர் இருந்தால் போதும், 1550 நானோமீட்டர் ஒளியின் தளத்தை 45 டிகிரி திருப்பிவிடும். புலத்தைத் தலைகீழாக்கினால் எதிர்ப்பக்கம் 45. ஆக 90 டிகிரி வித்தியாசம். தளத்தைப் பார்த்து ஒளியைப் பிரிக்கிற படிகம் ஒன்றைப் பின்னால் வைத்தால் இரண்டு வாசல் கிடைத்துவிடும். அசையும் உறுப்பு இல்லை. சில வகை கார்னெட்டில் கரண்ட் போனாலும் கடைசி நிலை அப்படியே நிற்கும். அழகான ஐடியா, மறுக்கவில்லை.

ஆனா ஃபைபரில் வரும் ஒளி எந்தத் தளத்தில் அதிரும் என்று உத்தரவாதம் கிடையாது. அதனால் முதலில் இரண்டாகப் பிரித்து, தனித்தனியே திருப்பி, மறுபடி சேர்க்கணும். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் ஒளி போகும். செய்திக் குறிப்பில் இது வரவே வராது.

அடுத்து வேகம். புலத்தைத் தலைகீழாக்கக் கம்பிச்சுருளில் கரண்ட்டின் திசையை மாற்றணும், சுருள் அதற்கு உடனே இணங்காது. திரும்ப 1 மைக்ரோசெகண்ட் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 ஜிகாபிட் லைனில் 1500 பைட் பாக்கெட் 0.12 மைக்ரோசெகண்டில் போய்விடும். அதாவது எட்டு பாக்கெட் போகிற நேரம் லைன் சும்மா கிடக்கும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் வழி மாற்ற இது போதாது. மின்புலத்தால் வேலை செய்யும் லித்தியம் நியோபேட் நானோசெகண்டில் முடித்துவிடும். எப்போதாவது வழி மாற்றினால் போதும் என்றாலோ, மெதுவான குட்டிக் கண்ணாடிகளே போதும்.

கூகுள் 2022-ல் விவரம் வெளியிட்ட பலோமார் ஸ்விட்ச் அப்படித்தான்: 136 வாசல், உள்ளே அசையும் குட்டிக் கண்ணாடிகள். வேடிக்கை என்னவென்றால், அந்த அமைப்பிலும் ஃபாரடேயின் விளைவு இருக்கிறது. ஸ்விட்சுக்குள் இல்லை, ஃபைபரின் முனைகளில், சர்க்குலேட்டராக. ஒரே ஃபைபரில் போக்கும் வரவும் நடக்கிறது, தேவைப்படும் வாசல் பாதியாகிறது. காரணம், இந்தச் சுழற்சி திரும்பி வரும் ஒளிக்கு ரத்தாகாது. போகும்போது 45, வரும்போது அதே பக்கம் இன்னொரு 45. சாதாரணக் கண்ணாடியும் லென்ஸும் இதைச் செய்யாது. லேசருக்கு முன்னால் ஐசொலேட்டராக உட்கார்ந்து, தெறித்து வரும் ஒளியைத் தடுப்பதும் இதே கார்னெட்தான்.

அடுத்த குறிப்பு வரும்போது நான் முதலில் தேடப்போவது, ஒளி இழப்பு எத்தனை டெசிபல் என்று.