விரலிடம் கேட்டவர்கள்

யூஎக்ஸ் டிசைனர் எனப்படும் பயனர் அனுபவ வடிவமைப்பாளரின் அன்றாட வேலையில் வண்ணம் தேர்வதும் படம் வரைவதும் சிறு பங்குதான். பெரும்பகுதி, பார்ப்பது. ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, எங்கே தயங்குகிறார், எந்த இடத்தில் விரல் தவறுகிறது, எதைத் தேடிக் கண் அலைகிறது என்று குறுக்கிடாமல் பார்க்க வேண்டும். பார்த்ததைக் குறித்துக்கொண்டு, பொருளைச் சற்றே மாற்றி, இன்னொருவர் கையில் கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும். டொனால்ட் நார்மன் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து, தன் பதவிப் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்று சேர்த்துக்கொண்ட பிறகே இந்தத் தொழிலுக்கு இன்றைய பெயர் பரவியது. ஆனால் வேலை அதைவிட மூத்தது. அதன் அழகை ரசிக்கப் பழகுவதற்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொலைபேசியை வைத்து நடந்த பணிகளைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அந்தப் பணிகளை நடத்தியவர் ஜான் கார்லின். 1918இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், தத்துவம், உளவியல், இசை மூன்றையும் படித்தவர், வயலின் கலைஞர். 1945இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். தொலைபேசியின் மின்சாரப் பகுதியைப் பொறியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதைப் பிடித்திருக்கும் மனிதரைத் தெரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை என்று வாதாடி, பயனர் விருப்பங்களை ஆராய ஒரு தனித் துறையை அவர் உருவாக்கினார். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் அப்படி ஒரு துறை அமைந்தது அதுவே முதல்முறை.

அத்துறையின் தொடக்ககாலச் சோதனை ஒன்று இன்றும் வியப்புத் தருகிறது. போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் செம்பு தட்டுப்பாடாக இருந்தது. சுமார் மூன்றடி நீளமிருந்த தொலைபேசி வயரைக் குறைக்கலாமா என்று நிர்வாகம் கேட்டது. கருத்துக் கேட்டிருந்தால் எல்லாரும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள். கார்லினின் ஆட்கள் யாரையும் கேட்கவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை சக ஊழியர்களின் அறைக்குள் சத்தமில்லாமல் போய், வயரில் ஓர் அங்குலத்தைக் குறைத்துவிட்டு வந்தார்கள். முழுதாக ஓர் அடி குறையும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நீளம் தேவை என்ற கேள்விக்கு உடம்பே பதில் சொல்லிவிட்டது. (இன்றைக்கு ஆய்வில் பங்கேற்பவரிடம் முன்அனுமதி வாங்காமல் இப்படிச் செய்ய முடியாது, அந்தக் கட்டுப்பாடு சரியானதே.)

இதைவிட நுட்பமானது வெள்ளைப் புள்ளியின் கதை. பழைய டயலில் விரல் நுழையும் துளைக்குள்ளேயே எண் தெரியும். ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து 1949இல் வந்த ‘மாடல் 500’ தொலைபேசியில் எண்களும் எழுத்துகளும் துளைக்கு வெளியே, வட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்தன. பார்வைக்கு அது தெளிவான முன்னேற்றம். ஆனால் மக்கள் முன்னைவிட மெதுவாக டயல் செய்தார்கள். காரணம் பெல் நிறுவனத்துக்குப் புரியவில்லை.

கார்லின் கண்ட காரணம் எளிது. முன்பு எண்ணைப் பார்த்த கண் அதே இடத்துக்கு விரலை அழைத்துச் சென்றது. எண் வெளியே போனதும் துளைக்குள் வெறும் கருப்பு மட்டும் மிஞ்சியது. விரலுக்குக் குறி வைக்க ஓர் இடமில்லை. ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். பழைய வேகம் திரும்பியது. அந்தப் புள்ளியில் தகவல் எதுவும் இல்லை. அது எண்ணும் அல்ல, எழுத்தும் அல்ல, அலங்காரமும் அல்ல. விரல் இறங்குவதற்கான இடம், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் இதைவிடச் சுருக்கமான தீர்வைக் காட்டுவது கடினம். தேர்ந்த வித்வானின் காது சுருதி இம்மி விலகினாலும் கேட்டுவிடுவதுபோல், நொடியின் ஒரு பின்னத்தில் நிகழும் தயக்கத்தைப் பிடிக்கும் கண் வாய்த்தவருக்கே அந்தப் புள்ளி தோன்றும்.

அடுத்து வந்தது பட்டன் தொலைபேசி. பத்து எண்களை எப்படி அடுக்குவது? கூட்டல் இயந்திரங்களில் 7, 8, 9 மேல் வரிசையில் இருந்தன. அதையே எடுத்துக்கொள்ளலாமே என்பது இயல்பான எண்ணம். ஆனால் மேரி லட்ஸும் அல்போன்ஸ் சபானிஸும் 1955இல் வெளியிட்ட ஆய்வில், வெற்றுப் பட்டன்களைக் காட்டி எந்த எண் எங்கே இருக்கும் என்று கேட்டபோது, பலர் வாசிக்கும் திசையிலேயே, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று எண்களை வைத்திருந்தார்கள்.

பெல் ஆய்வகம் அதோடு நிற்கவில்லை. ரிச்சர்ட் டைனிங்கர் 1960 ஜூலையில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அமைப்புகள் வருகின்றன. ஐந்தைந்தாக இரு வரிசை, இரு செங்குத்து நிரல்கள், பழைய டயல்போல வட்டம், படிக்கட்டு, சிலுவை என்று விதவிதமாக அடுக்கி, எண்ணை அழுத்த ஆகும் நேரத்தையும் பிழைகளையும் அளந்தார்கள். எது பிடித்திருக்கிறது என்று தனியாகக் கேட்டுக்கொண்டார்கள். பட்டனை அழுத்த எவ்வளவு விசை வேண்டும், அது எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதும் சோதனைக்குள் வந்தது.

இங்கே ரசிகர் கவனிக்க வேண்டியது முடிவைவிட அந்த அறிக்கையின் நேர்மையை. நல்ல அமைப்புகளுக்கிடையே வேகத்திலும் பிழையிலும் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. அதை மறைக்காமல் எழுதினார்கள். பிடித்ததும் கைக்கு வருவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதும் தெரிந்தது. இடம் அடைக்காமல், தொலைபேசிக்குள் கச்சிதமாகப் பொருந்தும் மூன்று மூன்றாக மூன்று வரிசை, அடியில் நடுவே 0 என்ற அமைப்பு தேர்வானது. டயலில் 0 என்பது பத்துத் துடிப்புகள். அதனால் 9க்குப் பின்னரே அது வரும். பட்டன் பலகையிலும் அது கடைசி இடத்துக்கே போனது. மக்களின் வேகத்தைக் குறைக்கவே 1, 2, 3ஐ மேலே வைத்தார்கள் என்று ஒரு கதை பரவியிருக்கிறது. அந்த ஆய்வில் தேடியது வேகத்தையும் பிழையின்மையையும்தான், மந்தத்தை அல்ல.

இந்தப் பட்டன் பலகை 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னெகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் பொதுமக்களுக்கு வந்தது. ஒவ்வொரு பட்டனும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்பும்: படுக்கை வரிசைக்கு ஒன்று, செங்குத்து வரிசைக்கு ஒன்று. 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். பேச்சுக்குரல் தற்செயலாக ஓர் எண்ணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இரட்டை ஒலி. விரலுக்குக் கீழே இயந்திரத்தின் வேலையும், காதில் மனிதருக்கான உறுதியும் ஒரே சத்தத்தில் அமைந்தது வடிவமைப்பின் பேரழகு.

இன்றைய டிசைனரின் நாளும் அடிப்படையில் இதே வேலைதான். காலையில் தாளிலோ ஸ்க்ரீனிலோ ஒரு கோட்டு மாதிரி, மதியம் நாலைந்து பேரை உட்காரவைத்து அதைப் பயன்படுத்தச் சொல்வது, மாலையில் புரோகிராமர்களோடு வாக்குவாதம். கைபேசி எண் கேட்கும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதைத் தொட்டதும் முழு எழுத்துப் பலகை வருகிறதா, எண் பலகை மட்டும் வருகிறதா? வேறிடத்திலிருந்து நகலெடுத்த எண்ணில் +91ம் நடுவே ஓர் இடைவெளியும் இருந்தால் ஏற்றுக்கொள்கிறதா, ‘தவறான எண்’ என்று சிவப்பு எழுத்தில் கோபிக்கிறதா? இடைவெளியை நீக்கும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தால், அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

எண் பலகை கண்ணாடித் திரைக்கு வந்ததில் இழப்பும் உண்டு. பட்டனின் விளிம்பு போனது, இறங்கும் ஆழம் போனது. பார்வையற்றோர் தடவி அறியும் 5இன் மேடும் போனது. இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் விரல் விரைவில் சேரும் என்று பால் ஃபிட்ஸ் 1954இல் கணக்காக்கிக் காட்டிய உறவுதான் இன்று அந்த இழப்பைச் சற்று ஈடுசெய்கிறது. தொடும் இடத்துக்கு ஆப்பிள் 44 பாயின்ட் என்ற திரை அளவைப் பரிந்துரைப்பது அதன் வழியில்தான். தொட்ட எண் மின்னுவதும், போன் மெல்ல அதிர்வதும், எண்ணை வாய்விட்டுச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளும் போனவற்றுக்கு மாற்று.

1963இல் வந்த பட்டன் பலகையில் நட்சத்திரக் குறியும் (*) ஹேஷும் (#) இல்லை. 1968இல்தான் 0வின் இருபுறமும் சேர்ந்தன. தொலைபேசி வழியே பிற்காலத்தில் வரக்கூடிய சேவைகளுக்கென்று விட்டுவைத்த இடங்கள் அவை. இந்தியாவில் இணையம் இல்லாத சாதாரண போனில் *99# அழுத்தி வங்கி இருப்பைப் பார்ப்பவரும் பணம் அனுப்புபவரும் இன்று அந்த இரண்டு பட்டன்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.