குழந்தைச் சட்டை: வீட்டுத் தையலுக்கும் வேண்டும் ஓர் அளவுகோல்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும் சரக்குகளில் திருப்பூர்ப் பின்னலாடைகளுக்குப் பெரிய இடம் உண்டு. குழந்தை உடைகளும் அவற்றில் அடக்கம். ஏற்றுமதி ஆலைகளில் அந்த உடைகளின் பொத்தான்களை 90 நியூட்டன், அதாவது சுமார் 9 கிலோ எடைக்கு நிகரான விசையில் இழுத்துப் பார்ப்பது வழக்கம். உடைந்த ஊசிமுனை எங்காவது தங்கியிருக்கிறதா என்று உலோகம் காட்டும் கருவியிலும் செலுத்துகிறார்கள். அந்தச் சரக்கு கப்பலேறும் தூத்துக்குடியில், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் பிள்ளைக்கு ஆச்சியோ சித்தியோ தைக்கும் சட்டைக்கு எந்தச் சோதனையும் கிடையாது. பாசத்தோடு தைத்தது என்பதே அதற்குச் சான்றாகிவிடுகிறது. வீட்டுத் தையல் நிலைக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது நிலைக்கப் பாசம் மட்டும் போதாது. சோதனையும் வீட்டுக்குள் வர வேண்டும்.

முதலில் நிறைகளைப் பார்ப்போம். உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள இந்தக் கரையில் கைக்குழந்தையின் முதல் எதிரி வேர்க்குரு. அதற்கு ஏற்ற துணி, பல வருடம் துவைத்து நைந்த பருத்தி வேட்டி. கஞ்சியும் மிகைச்சாயமும் போய், வியர்வையை உறிஞ்சும் பதத்துக்கு அது வந்திருக்கும். துணி கசங்காமலிருக்க ஆலைகள் ஏற்றும் ஃபார்மால்டிஹைடு பிஞ்சுத் தோலுக்கு ஆகாது என்பதால், 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடைகளுக்கு ஜப்பான் தன் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மிகக் கடுமையான வரம்பு வைத்தது. அந்தக் கவலை பழைய வேட்டியில் பெரும்பாலும் இல்லை. முன்பக்கம் திறக்கும் ஜப்லாவை, நிற்காத தலைக்கு மேலே இழுக்காமல் கைகளை மட்டும் நுழைத்துப் போட்டுவிடலாம். ஓரத்தில் கொஞ்சம் துணி மடித்து விட்டால், பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கலாம். கடைச் சட்டையில் இந்த வசதி அரிது.

குறைகளும் இதே கைகளிலிருந்துதான் வருகின்றன. கழுத்தில் கட்டும் நாடா தொட்டில் கொக்கியிலோ கம்பியிலோ மாட்டினால் உயிருக்கே ஆபத்து. ஞானஸ்நானத்துக்கும் பனிமய மாதா திருவிழாவுக்கும் கடைக் கவுனைப் பார்த்துத் தைக்கும் நெட், சாட்டின் உடைகள் காற்றை அடைத்துவிடுகின்றன. முத்துக்குப் பேர்போன ஊரில் அவற்றின் மேல் தைக்கும் பிளாஸ்டிக் முத்து, ஒற்றை நூல் அறுந்தால் நேரே குழந்தையின் வாய்க்குப் போகும். கண்ணுக்கே தெரியாத அபாயமும் ஒன்று உண்டு. கையுறை, காலுறைகளின் உள்பக்கம் வெட்டாமல் விட்ட நூல், குழந்தையின் விரலில் சுற்றி இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாது.

'நம் பாட்டிமார் நாடா வைத்துத்தானே தைத்தார்கள், எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிவிட்டது?' என்று கேட்கலாம். நடந்ததை யாரும் எழுதி வைக்காததால், எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கணக்கு வைத்த இடத்தில் நிலைமை வேறு. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், குழந்தைகளின் மேலுடைகளில் தலை, கழுத்துப் பகுதியிலுள்ள இழுகயிறுகளை நீக்கும்படி 1996-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்பின் இழுகயிறு சிக்கி நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 'கடையில் மலிவாகக் கிடைக்கும்போது தைப்பானேன்?' என்ற கேள்வி இன்னும் வலுவானது. பெண்ணின் உழைப்பைச் செலவில் சேர்த்தால் வீட்டுச் சட்டை மலிவே அல்ல. சிக்கனம் என்று சொல்லி அவள் நேரத்தை இலவசமாக்குவது நியாயமும் அல்ல. ஆகவே வீட்டில் தைப்பதைத் துணியும் அளவும் மிக முக்கியமாக இருக்கும் முதல் ஆறு மாதத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி. நடக்கும் பிள்ளைக்குப் பனியனும் டிரவுசரும் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கு வேண்டிய சோதனை சில நிமிட வேலைதான். நாடாவைக் குட்டையாக்கி இடுப்புப் பக்கம் வைக்க வேண்டும். முத்தும் பாசியும் கூடாது. பொத்தானை இரட்டை நூலால் தைத்து முடிச்சிட்டுப் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். உடையின் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நூல்நுனிகளை வெட்ட வேண்டும். தைக்க எடுத்த ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணி வைக்க வேண்டும். தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. அந்த இயந்திரத்தோடு இந்த ஐந்து விதிகளையும் ஓர் அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கலாம். தையல் பயிற்சியிலும் சேர்க்கலாம். அயல்நாட்டுக் குழந்தைக்கு நாம் உறுதிசெய்து அனுப்பும் பாதுகாப்பு, துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்த பிள்ளைக்கும் உரியது.