சன்னலுக்கு வெளியே மரம்

மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் விரைவில் குணமாகும் என்பது நிரூபிக்கப்பட்டுள்ளதாக மாணவர் ஒருவர் கட்டுரை எழுதி வந்தார். 'நிரூபிக்கப்பட்டுள்ளது' என்ற சொல்லைத்தான் நாம் ஆராய வேண்டும்.

அவர் காட்டிய சான்று, ரோஜர் உல்ரிக் 1984-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. இரண்டே பக்கங்கள். பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் பதிவேடுகளிலிருந்து, வயது, பால், புகைப்பழக்கம் முதலியவற்றில் ஒத்த 23 இணைகளை அவர் தேர்ந்தெடுத்தார். இணையில் ஒருவரின் சன்னலில் மரங்கள் தெரியும்; மற்றவருக்குச் செங்கல் சுவர். முன்னவர்கள் மருத்துவமனையில் இருந்தது சராசரியாக 7.96 நாட்கள், பின்னவர்கள் 8.70 நாட்கள். கடும் வலிமருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றுண்டு. மரங்களில் இலை இருக்கும் மே முதல் அக்டோபர் 20 வரையிலான நோயாளிகளை மட்டுமே அவர் கணக்கில் கொண்டார். பதிவேட்டிலிருந்து விவரங்களை எடுத்த செவிலியருக்கும் யாருக்கு எந்தக் காட்சி என்பது தெரியாது. நல்ல எச்சரிக்கைதான்.

ஆனால் ஒப்பிடப்பட்டவை மரமும் வெறும் சுவருமே. மரம் குணப்படுத்தியதா, சுவர் தாமதப்படுத்தியதா? இந்த எண்களால் பிரித்தறிய இயலாது. நெடுநாள் படுத்திருக்கும் நோயாளிக்கு நடமாட்டமுள்ள தெருக்காட்சியே மேலாக இருக்கலாம் என்று உல்ரிக்கே எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுவோர் அதை விட்டுவிடுகின்றனர்.

இயற்பியல் ஆசிரியனுக்கு வரும் ஐயமும் ஒன்றுண்டு. இரு பக்க அறைகளிலும் வெளிச்சம் ஒரே அளவில் விழுந்ததா? பழைய பதிவேடுகளைப் புரட்டி அதை அளக்க முடியாது.