எலியின் வலியை எதைக்கொண்டு அளப்பது?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மாடு தீனி எடுக்காமல், அசை போடாமல் நின்றால், "மாட்டுக்கு என்னவோ செய்கிறது" என்று வளர்ப்பவர் உடனே சொல்லிவிடுவார். அதைக் குத்திப் பார்த்து அவர் இதை அறிவதில்லை. வழக்கமாகச் செய்வதை அது செய்யவில்லை. அதுவே அவருக்குச் சான்று. இந்த எளிய அறிவை ஆராய்ச்சிக்கூடங்கள் நெடுங்காலம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதே நமது குறை.

வலி நீக்கும் மருந்துகளை முதலில் எலிகளிடம் சோதிக்கிறார்கள். இதற்கு 1941-ல் டாமூர், ஸ்மித் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். எலியின் வாலில் வெப்ப ஒளியைக் குவித்து, எத்தனை விநாடியில் அது வாலை இழுக்கிறது என்று கணக்கிடுவது அம்முறை. செலவு குறைவு, கணக்கும் எளிது.

ஆனால், சற்றுச் சிந்தியுங்கள். சூடான பாத்திரத்தில் பட்ட கை, வலியை நீங்கள் உணருமுன்பே விலகிவிடுகிறது. இது தண்டுவடம் நடத்தும் அனிச்சைச் செயல். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தொடர்பு அறுபட்ட எலியும் வாலை இழுக்கிறது! அப்படியானால் அளக்கப்பட்டது வேதனையா, வெறும் இழுப்பா? தசையைத் தளர்த்தும் மருந்தும் இழுப்பைத் தாமதமாக்கலாம். மேலும், மூட்டுவாத நோயாளி படுவது நொடிப்பொழுதுச் சூடு அன்று, பல்லாண்டுத் துன்பம்.

இதனால் நட்டம் மனிதருக்கும் உண்டு. 'பி' பொருள் என்னும் நரம்புச் செய்திப் பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகள் 1990-களில் விலங்குகளின் வலியைத் தணிப்பதாகத் தோன்றின. மனிதரின் வலியிலோ தோல்வியுற்றன. இதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அளவுகோலின் குறையும் அவற்றுள் ஒன்று.

வேறு வழி என்ன? வயல் வரப்பில் எலி வளை தோண்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூண்டில் பிறந்த வெள்ளை எலிக்கும் அந்த இயல்பு போகவில்லை. ஒரு குழாயில் பொடிக்கற்களை நிரப்பி வைத்தால் அவற்றை வெளியே தள்ளுகிறது. மூட்டு வீங்கிய எலி குறைவாகத் தள்ளுகிறது. தக்க வலிநீக்கி கொடுத்தால் மறுபடி தள்ளுகிறது. தள்ளிய கற்களை நிறுத்தால் போதும். எலியைச் சுடவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். தசையைத் தளர்த்தும் மருந்து இங்கே ஏமாற்ற முடியாது. அது தோண்டுதலைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். 2010-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோகிலும் அவருடைய குழுவினரும் சுண்டெலியின் முகத்தைக் கொண்டே வலியை மதிப்பிட்டனர். சுருங்கும் கண், புடைக்கும் மூக்கு, புடைக்கும் கன்னம், காதின் நிலை, மீசையின் நிலை ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் கொடுத்தனர்.

இம்முறைகளும் குறையற்றவை அல்ல. காய்ச்சல் கண்ட எலியும், அஞ்சிய எலியும் தோண்டாது. அருகில் ஆண்களின் வாடை இருந்தாலே எலிகள் வலியைக் குறைத்துக் காட்டுகின்றன என்று 2014-ல் அதே மோகில் குழு கண்டறிந்தது. எனவே, ஒரே அளவுகோலை நம்புவது தவறு.

சோதனை விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் கூடாது என்கிறது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். துன்பத்தைச் சரிவர அளக்கத் தெரியாவிட்டால், தேவையானது எது, தேவையற்றது எது என்று எப்படிப் பிரிப்பது? அடுத்த முறை "எலிகளில் வெற்றி கண்ட வலி மருந்து" என்ற செய்தியைப் படிக்கும்போது, வாசகர்களே, ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த எலி வாலை இழுக்க மறந்ததா, அல்லது மீண்டும் வளை தோண்டத் தொடங்கியதா?