அணிவகுப்பு மரியாதை யாருக்கு?

2025 ஜூன் 14 அன்று அமெரிக்கத் தரைப்படை தன் 250ஆவது ஆண்டைக் கொண்டாடி வாஷிங்டனில் அணிவகுத்தது. அதே நாள் அதிபர் டொனால்ட் டிரம்ப்பின் 79ஆவது பிறந்தநாள். இது படையின் விழாவா, தலைவரின் விழாவா என்ற கேள்வி முதல் டாங்கி நகருமுன்பே எழுந்துவிட்டது. 'மன்னர்கள் வேண்டாம்' என்ற முழக்கத்தோடு நாடெங்கும் போராட்டங்களும் அன்றே நடந்தன.

நாள் பொருந்தியது தற்செயல்தான். அந்தப் படை உருவானதே 1775 ஜூன் 14இல். விடுதலைப் போர்க் காலச் சீருடையில் தொடங்கி உலகப் போர்கள், வியட்நாம், வளைகுடா என வரலாற்று வரிசையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் நடந்தார்கள். தொலைவில் பணிபுரியும் படையை மக்கள் நேரில் கண்டு கைதட்டுவது நியாயமான நன்றி. அன்றைய உரையில் டிரம்ப்பும் பெரும்பாலும் படையின் பெருமையையே பேசினார்.

செலவு வேறு கதை. அறுபது டன்னுக்கு மேல் எடையுள்ள ஆப்ராம்ஸ் டாங்கிகள் திரும்பும் இடங்களில், சாலை பெயராமலிருக்க எஃகுத் தகடுகள் விரிக்கப்பட்டன. மொத்தச் செலவு 2.5 கோடி முதல் 4.5 கோடி டாலர் வரை ஆகும் என்று படையே மதிப்பிட்டது. 2018இல் 9.2 கோடி டாலர் என்ற மதிப்பீடு வெளியானதும் இதே போன்ற திட்டம் கைவிடப்பட்டிருந்தது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் சீருடையில் இருக்கிறது. பணியிலிருக்கும் வீரர் சீருடையோடு கட்சி அரசியல் நிகழ்ச்சியில் பங்கேற்கக் கூடாது என்பது பென்டகன் விதி. ஆனால் அணிவகுப்புக்குச் சில நாள் முன்பு, ஃபோர்ட் பிராக் முகாமில் டிரம்ப் பேசியபோது, முன்னாள் அதிபர் பைடனின் பெயரைக் கேட்டுச் சீருடை வீரர்கள் சிலர் கூச்சலிட்டார்கள். நடக்கச் சொன்னால் நடக்க வேண்டியவன் சிப்பாய். அவனால் மறுக்க முடியாது. எனவே பொறுப்பு முழுவதும் ஆணையிடுபவருக்கே.

டிரம்ப்புக்கு இந்த அணிவகுப்பு ஆசை வந்தது 2017இல், பாரிஸ் அணிவகுப்பைக் கண்ட பிறகு. பிரான்ஸ் ஜூலை 14ஐ 1880இலேயே சட்டமியற்றித் தேசிய நாளாக்கிவிட்டது. அதிபர்கள் மாறினாலும் நாள் மாறுவதில்லை. டெல்லியில் ஜனவரி 26 அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். ஆட்சி நடத்தும் பிரதமர் பார்வையாளராக அமர்ந்திருக்க, மரியாதையை ஏற்பவர் குடியரசுத் தலைவர். லண்டனில் மன்னரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளுக்கே படை அணிவகுக்கிறது. ஆனால் அவர் தேர்தலில் நிற்பவரல்லர்.

வாஷிங்டனுக்கு இப்படிப்பட்ட வரம்பு எதுவும் இல்லை. படையின் தலைமைத் தளபதி அதிபரே என்பதால் அவர் கேட்டால் அணிவகுப்பு நடக்கும். இதை அவரவர் நாகரிகத்துக்கு விட்டுவிடுவது போதாது. டாங்கிகள் எந்தெந்த நாளில் தலைநகருக்கு வரலாம் என்பதை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத வேண்டும். செலவுக் கணக்கை அறிவிப்போடு சேர்த்தே வெளியிடச் சொல்ல வேண்டும். விழா மேடையில் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் இருக்கை ஒதுக்க வேண்டும். ஆளுங்கட்சி எதுவானாலும் இந்த மூன்றும் ஒரே மாதிரி பொருந்தும்.