ஆறறிவும் அம்மோனைட்டும்

போன மாசம் மகளோடு பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போயிருந்தேன். மழை அரித்த களிமண் மேட்டில் ஒரு அம்மோனைட் சுருள் கிடந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். "இதுக்கு மூளை இருந்திருக்குமாப்பா?" என்றாள். "நத்தை மாதிரிதாம்மா. தொல்காப்பியக் கணக்குல ஈரறிவு" என்றேன். அரியலூர் வருவதற்குள் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது.

தொல்காப்பியர் டார்வினுக்கு முன்பே பரிணாமம் சொல்லிவிட்டார் என்று நாம் பெருமையாகப் பகிர்கிறோம். மரபியல் சொல்வது வேறு. புல், மரத்துக்குத் தொடுவுணர்வு, நந்துக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, விலங்குக்கு ஐந்து, மனத்தோடு மனிதருக்கு ஆறு. இது வகைப்பாடு. எது எதிலிருந்து வந்தது என்ற பேச்சே இதில் இல்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது சென்சார் கணக்கு. வந்த தகவலை வைத்து உயிர் என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி.

ஸ்டென்டரைப் பாருங்கள். குளத்தில் வாழும் ஒரே செல், நரம்பே கிடையாது. தொல்லை கொடுத்தால் முதலில் வளையும், பிறகு மயிரிழைகளை எதிர்த்திசையில் அடிக்கும், அப்புறம் சுருங்கும், கடைசியில் பிடியை விட்டு நீந்திப் போய்விடும். ஜென்னிங்ஸ் 1906-ல் நூலில் எழுதியதைப் பலர் நம்பவில்லை. 2019-ல் டெக்ஸ்டர், பிரபாகரன், குணவர்தனா மூவரும் சோதித்து, படிப்படியான இந்த நடத்தை உண்மைதான் என்று காட்டினார்கள். அது யோசிக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'இது பலிக்கலை, அடுத்ததைப் பார்' என்கிற வேலைக்கு மூளை கட்டாயம் இல்லை.

மறுகோடியில் ஆக்டோபஸ். நத்தை இனத்தான், ஆனால் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், பாதிக்கு மேல் கைகளில். நமக்கும் அதற்கும் பொது மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய எளிய உயிர். அதன்பின் பெரிய மூளை இரு பக்கமும் தனித்தனியாக வளர்ந்திருக்கிறது. அப்படியானால் சிந்தனை ஏணியின் உச்சிப்படி அல்ல. உணர்ந்து, ஒப்பிட்டு, மாற்றிக்கொள்ளும் பழைய வேலையின் மேல் நினைவும் முன்யோசனையும் சேர்ந்த கட்டுமானம்.

ஒன்று கவனியுங்கள். ஒவ்வொரு வகையிலும், மனிதரிலும்கூட, 'இந்தக் கிளையில் வேறும் உண்டு' என்று தொல்காப்பியம் இடம் விட்டுத்தான் வைக்கிறது. கதவைச் சாத்தியது நாம்தான்.

மகளிடம் திருத்திச் சொன்னேன்: "அம்மோனைட் ஆக்டோபஸுக்குச் சொந்தம். மூளை கல்லா மாறி நமக்குக் கிடைக்கலை. ஆனா அதைவிடத் தூரத்துச் சொந்தமான நாட்டிலஸே கத்துக்கிட்டதை ஒரு நாள் வரை ஞாபகம் வெச்சிருக்கு, 2008-ல சோதிச்சிருக்காங்க."

"அப்ப ஈரறிவு இல்லையா?"

"அது என் அவசரம்மா."